முடிந்த வேலையே அளவுகோல்

திருவேற்காட்டில் புதிதாக வாங்கிய அரை கிரவுண்டு மனையைக் காட்டி, "வீடு கட்டி முடிக்க எத்தனை மாசம் ஆகும் மேஸ்திரி?" என்று கேட்டால், அனுபவமுள்ள மேஸ்திரி டேப்பைப் பிரிப்பதற்கு முன் தெருவைப் பார்ப்பார். அவர் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "அந்த மூணாவது வீடு நாங்க கட்டுனதுதான் சார். இதே அளவு மனை. தையில பூஜை போட்டு ஆவணியில பால் காய்ச்சினாங்க. ஆனா அங்க லாரி வாசல் வரைக்கும் வந்துச்சு. இங்க தெருமுனையிலேயே கொட்டி, ஆள் வெச்சுதான் சுமக்கணும்."

இந்தச் சிறு பேச்சுக்குள் ஒரு முழு முறையியல் அடங்கியிருக்கிறது. முடிந்துபோன, இதைப் போன்ற ஒரு வேலையை அவர் எடுத்துக்கொள்கிறார். அது உண்மையில் பிடித்த காலத்தைச் சொல்கிறார். பிறகு அந்த வேலைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைக் கூட்டுகிறார். இதையே மென்பொருள் துறையினரும் திட்ட மேலாண்மை ஆய்வாளர்களும் ஒப்புமை வழி மதிப்பீடு என்று பெயரிட்டு, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள்.

ஒப்புமையால் அறிவது நமக்குப் புதிதன்று. மணிமேகலையில் சமயக் கணக்கர்களின் கொள்கைகளைக் கேட்கும் காதை, அறிவைப் பெறும் அளவைகளை எண்ணும்போது காட்சி, கருதல் ஆகியவற்றோடு உவமத்தையும் வைக்கிறது. இந்தியத் தருக்க மரபில் உவமத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு ஆமா என்னும் காட்டுப் பசு. ஆமாவைக் கண்டிராத ஒருவரிடம், அது பசுவைப் போல் இருக்கும் என்று சொல்லி அனுப்பினால், காட்டில் அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார். அடையாளம் காண அந்த ஒப்புமை போதும். பசுவைக் கட்டும் கயிற்றோடு போனால்தான் ஆபத்து. எது போன்றது என்று அறிவதும், எந்த அளவுக்குப் போன்றது என்று அறிவதும் வேறு வேறு அறிவுகள். திட்ட மதிப்பீட்டின் வெற்றியும் தோல்வியும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

திருவேற்காடு இதை ஆராய ஏற்ற ஊர். ஊருக்குள் தெருவுக்குத் தெரு வீடுகள் எழும்புகின்றன. வடகிழக்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பழைய ஆலைகளுக்கு நடுவே மென்பொருள் வளாகங்கள் நிற்கின்றன. வடக்கே ஆவடியில் பீரங்கி வண்டி வடிவமைக்கிறார்கள், கட்டுகிறார்கள். தெற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மேல் மெட்ரோ பாலம் போகிறது. நான்கும் நான்கு வகை வேலை. நான்கிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்று: இது எப்போது முடியும்?

தெருவும் மண்ணும்

வீட்டு வேலையில் ஒப்பீடு நன்றாகப் பலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வேலை பலமுறை நடந்திருக்கிறது, நடந்த இடம் கண்ணெதிரே இருக்கிறது, கட்டியவரே மதிப்பிடுகிறார். பொதுப்பணித் துறையும் இதே அறிவை முறைப்படுத்தித்தான் வைத்திருக்கிறது. ஒரு கட்டடத்துக்கு முதற்கட்ட மதிப்பீடு போடும்போது செங்கல் செங்கலாக எண்ணுவதில்லை. பிளிந்த் ஏரியா விகிதம் எனப்படும் தரைப்பரப்பு விகிதத்தைக் கொண்டு, அந்த வகைக் கட்டடத்துக்குச் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று பெருக்குகிறார்கள். விரிவான மதிப்பீடு பிறகு வரும். வேலை நடக்க நடக்க ஒவ்வோர் அளவும் எம் புக் என்று எல்லோரும் சொல்லும் அளவுப் புத்தகத்தில் ஏறும்.

ஆனால் சதுர அடி மட்டும் ஒப்புமையைத் தீர்மானிப்பதில்லை. கூவம் ஆறு ஊருக்குள் ஓடுகிறது; கோலடி ஏரியும் அயனம்பாக்கம் ஏரியும் அருகில் உள்ளன. ஆற்றோரத்து மணலில் நின்ற அஸ்திவாரம், ஏரியோரக் களிமண்ணுக்குப் பொருந்தாது. ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் மண்ணில் கடைக்காலை ஆழமாக எடுக்க வேண்டும், அல்லது பைல் போட வேண்டும். மேலே பார்த்தால் இரண்டு வீடும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேற்றுமை மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

காலமும் அப்படியே. தையில் தொடங்கிய வீட்டை அளவாக வைத்து ஆவணியில் தொடங்கும் வீட்டுக்கு நாள் சொன்னால், நடுவே வடகிழக்குப் பருவமழை குறுக்கிடும். ஆடியில் பூஜை போடமாட்டார்கள். கருமாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் திரளும் ஆடி ஞாயிறுகளில் ஜல்லி லாரி ஊருக்குள் நுழைவதே பெரும்பாடு. இன்னொன்று, எல்லா நாளும் ஆள்கணக்கில் குறையும் நாள் இல்லை. தாங்குகளுக்கு இடையிலான தூரம் 4.5 மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு முட்டுகளை 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் எடுக்கக் கூடாது என்று இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பான ஐஎஸ் 456 சொல்கிறது. பத்துச் சித்தாள் கூடுதலாக வந்தாலும் கான்கிரீட் தன் காலத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும்.

ஆகவே நல்ல மேஸ்திரியின் திறமை, பழைய வீட்டை நினைவில் வைத்திருப்பதோடு முடிவதில்லை. எந்த ஐந்தாறு கூறுகளில் ஒற்றுமை இருந்தால் அந்த வீட்டை அளவாகக் கொள்ளலாம் என்று தெரிந்திருப்பதே அவர் திறமை: பரப்பு, தளங்களின் எண்ணிக்கை, மண், லாரி வரும் வழி, தொடங்கும் மாதம், வீட்டுக்காரர் பணம் தரும் ஒழுங்கு.

அம்பத்தூரின் சீட்டுகள்

இந்தக் கூறுகளை எண்ணாக மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் மென்பொருள் ஆய்வாளர்கள். 1981-இல் பாரி போம் எழுதிய மென்பொருள் பொருளாதாரம் பற்றிய நூல், ஒப்புமையை மதிப்பீட்டு முறைகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அவரே முன்வைத்த கொகோமோ என்னும் சூத்திர முறையும் முடிந்துபோன 63 திட்டங்களின் கணக்கிலிருந்து பிறந்ததுதான். 1997-இல் மார்ட்டின் ஷெப்பர்டும் கிறிஸ் ஸ்கோஃபீல்டும் ஒப்புமையையே நேரடியாகச் சோதித்தார்கள். ஒன்பது தரவுத் தொகுப்புகள், மொத்தம் 275 திட்டங்கள். ஒவ்வொரு திட்டத்தையும் அதன் கூறுகளால் ஒரு புள்ளியாகக் குறித்து, புதிய திட்டத்துக்கு மிக அருகில் உள்ள பழைய திட்டங்களைக் கணினி தேடியது. அந்த அண்டை வீடுகள் எடுத்துக்கொண்ட உழைப்பே புதியதற்கான மதிப்பீடு. ஒன்பது தொகுப்புகளிலும், படிப்படியாகக் கட்டிய புள்ளியியல் சூத்திரத்தைவிட ஒப்புமை நன்றாகக் கணித்தது என்று அவர்கள் எழுதினார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இந்த முடிவோடு உடன்படவில்லை. தரவு மாறினால் வெற்றி பெறும் முறையும் மாறியது. ஆனால் எந்த முறையும் முடிந்த வேலைகளின் பதிவு இல்லாமல் நிற்கவில்லை என்பதில் மாற்றமில்லை.

இன்று மென்பொருள் நிறுவனங்களில் பரவலாக நடப்பது இதன் எளிய வடிவம். ஒரு குழுவிடம், "இந்தத் திரையைச் செய்ய எத்தனை மணி நேரம்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "போன மாதம் செய்த அந்த அறிக்கைத் திரையைவிட இது பெரிதா, சிறிதா? எத்தனை மடங்கு?" என்று கேட்டால் பதில்கள் நெருங்கி வரும். நாளைச் சொல்வதைவிட மடங்கைச் சொல்வது மனிதர்களுக்கு எளிது. முடிந்த ஒரு வேலைக்கு 3 புள்ளி என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை 1, 2, 5, 8, 13 என்று அதன் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். எண் பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் பெரிதாவது, பெரிய வேலையில் துல்லியம் குறையும் என்பதை ஒப்புக்கொள்வதற்காக.

இதைச் சீட்டாட்டம்போல நடத்தும் பிளானிங் போக்கர் முறையை 2002-இல் ஜேம்ஸ் கிரெனிங் எழுதி வைத்தார். எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துப் பிடித்து ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும் என்பது அதன் உயிரான விதி. முதலில் மூத்தவர் "ரெண்டு நாள் போதும்" என்று சொல்லிவிட்டால், பத்து நாள் என்று நினைத்த இளையவர் நான்கு என்று சொல்லத் தொடங்கிவிடுவார். முதல் எண் மற்ற எண்களைத் தன்பக்கம் இழுக்கும் இந்த இயல்பை ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-லேயே காட்டியிருந்தார்கள். 3 என்று ஒருவரும் 13 என்று ஒருவரும் சீட்டைத் திருப்பினால், அந்த இருவரும் தாம் எதோடு ஒப்பிட்டோம் என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் இருவரும் வேறு வேறு பழைய வேலையை நினைத்திருப்பார்கள். அல்லது ஒருவருக்கு மட்டும் தெரிந்த இடையூறு ஒன்று இருக்கும்: வங்கியின் கணினியோடு இணைக்க வேண்டும், அங்கிருந்து அனுமதி வர வாரக்கணக்காகும். களிமண் வெளிப்படும் தருணம் அது.

உள்ளிருந்து பார்ப்பவர்

இவ்வளவு எளிய கேள்வியை நாம் ஏன் இயல்பாகக் கேட்பதில்லை? இதற்குக் கானமன் தம் வாழ்விலிருந்தே ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். இஸ்ரேலில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு முடிவெடுத்தல் பற்றிய பாடநூல் எழுத ஒரு குழு கூடியது. எப்போது முடியும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதியபோது, எல்லா விடைகளும் ஒன்றரை ஆண்டுக்கும் இரண்டரை ஆண்டுக்கும் நடுவே இருந்தன. குழுவில் இருந்த பாடத்திட்ட வல்லுநர் சீமோர் ஃபாக்ஸிடம், இதைப் போன்ற மற்றக் குழுக்களுக்கு என்ன நேர்ந்தது என்று கானமன் கேட்டார். ஃபாக்ஸ் யோசித்துவிட்டு, ஏறத்தாழ 40 சதவீதக் குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவை ஏழு முதல் பத்து ஆண்டு எடுத்தன என்றார். அந்த ஃபாக்ஸும் சற்று முன்பு மற்றவர்களைப் போலவேதான் எழுதியிருந்தார். நூல் முடிய எட்டு ஆண்டாயிற்று.

அறிவு இருந்தது. கேள்வி எழும்வரை அது கணக்கில் சேரவில்லை. தன் வேலையின் திட்டத்தையே உற்றுப் பார்ப்பதை உள்பார்வை என்றும், ஒத்த வேலைகளின் வரலாற்றைப் பார்ப்பதை வெளிப்பார்வை என்றும் கானமனும் ட்வெர்ஸ்கியும் பிரித்தார்கள். 1994-இல் ரோஜர் பியூலரும் உடனாய்வாளர்களும் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் கேட்டபோது, சராசரியாக 33.9 நாளில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே தவறினால் 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். மிக மோசமான கற்பனையையும் நடப்பு தாண்டிவிட்டது. இதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்ல முடியாது. நாளைய வேலையைக் கற்பனை செய்யும்போது மனம் தடையில்லாத ஒரு பாதையைத்தான் வரைகிறது. தடைகள் பழைய வேலைகளின் பதிவில் மட்டுமே கிடைக்கின்றன.

ஆவடியின் ஆமா

ஒப்பீட்டின் எல்லையைக் காட்ட நம் பக்கத்து ஊரைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1965 முதல் விஜயந்தா பீரங்கி வண்டிகளைக் கட்டியது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு அது. அங்கே இயந்திரங்கள் இருந்தன, தேர்ந்த தொழிலாளர்கள் இருந்தார்கள், வண்டிகள் வரிசையாக வெளியே வந்தன. இந்தியாவுக்கென்றே ஒரு பீரங்கி வண்டியை வடிவமைக்க 1974 மே மாதம் ரூ.15.50 கோடி ஒதுக்கப்பட்டது. பின்னர் அர்ஜுன் என்று பெயர் பெற்ற வண்டி அது. 1990-களின் நடுப்பகுதிக்குள் அதன் உருவாக்கச் செலவு ரூ.300 கோடி அளவை எட்டியது. ராணுவம் முதல் வண்டிகளைப் பெற்றது 2004-இல். முதல் ஒதுக்கீட்டுக்கும் இந்தச் செலவுக்கும் நடுவே ஏறத்தாழ இருபது மடங்கு. விலைவாசி உயர்வு மட்டும் இதை விளக்காது.

1974-இல் ஆவடியில் கைக்கெட்டிய ஒப்புமை விஜயந்தா. அது பசு. முன்னால் இருந்ததோ ஆமா. முடிந்த வரைபடத்திலிருந்து வண்டியைக் கட்டுவது ஒரு வேலை. அந்த வரைபடத்தையே உருவாக்கி, சோதித்து, தோற்று, திருத்தி எழுதுவது வேறு வேலை. மேலும் வண்டியே பாதிவழியில் வளர்ந்தது. 105 மில்லிமீட்டர் பீரங்கியோடு சுமார் 40 டன்னில் நினைக்கப்பட்டது, 120 மில்லிமீட்டர் பீரங்கியோடு 58 டன்னைத் தாண்டியது. உள்நாட்டில் செய்ய முயன்ற 1,500 குதிரைத்திறன் எஞ்சின் கைகூடாமல், ஜெர்மனியின் 1,400 குதிரைத்திறன் எஞ்சினோடு வண்டி முடிந்தது. ஒவ்வொரு மாற்றமும் பழைய ஒப்பீட்டை இன்னும் தூரத்துக்குத் தள்ளியது.

சரியான ஒப்புமை வெளியே இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பீரங்கி வண்டி செய்த அமெரிக்கா, ஆப்ராம்ஸை 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 1980-இல் படையில் சேர்த்தது. இஸ்ரேல் மெர்க்காவாவை 1970-இல் தொடங்கி 1979-இல் களத்துக்குக் கொண்டுவந்தது. கைதேர்ந்தவர்களுக்கே எட்டு, ஒன்பது, பத்து ஆண்டு என்றால், முதல்முறை வடிவமைப்பவருக்கு அது கீழ் எல்லை. இதைச் சொல்வது ஆவடிப் பொறியாளர்களின் உழைப்பைக் குறைப்பதற்காக இல்லை. தவறான அளவுகோலைக் கையில் கொடுத்துவிட்டு அந்த உழைப்பை நாம் அளந்தோம். தாமதம் என்ற பழி அவர்கள்மேல் விழுந்தது. மதிப்பீடு தவறினால் முதலில் காயப்படுவது வேலை செய்தவர்தான்.

பாலத்துக்குப் பாலம்

2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் நடந்த ஒரே விழாவில், பிரதமர் அர்ஜுன் மார்க் 1ஏ வண்டியை ராணுவத்திடம் ஒப்படைத்தார். மெட்ரோவின் வண்ணாரப்பேட்டை – விம்கோ நகர் நீட்டிப்பையும் திறந்து வைத்தார். இரண்டில் மெட்ரோ, ஒப்பீட்டுக்கு நல்ல வாய்ப்புத் தரும் வேலை. ஏனெனில் அதற்கு அண்டை வீடுகள் பல.

வரிசையாக வைத்துப் பார்ப்போம். கொல்கத்தாவில் 1972 டிசம்பரில் அடிக்கல் நாட்டி, முதல் பகுதி 1984 அக்டோபரில் ஓடியது. டெல்லியில் 1998-இல் தொடங்கி 2002 டிசம்பரில் முதல் ரயில். பெங்களூருவில் 2007-இல் கட்டுமானம் தொடங்கி 2011 அக்டோபரில். சென்னையில் 2009-இல் தொடங்கி 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர். கொச்சியில் 2013 ஜூன் முதல் 2017 ஜூன் வரை. இந்த ஐந்தில் கொல்கத்தா தனித்து நிற்கிறது. நாட்டின் முதல் மெட்ரோ, முதல் பகுதியே சுரங்கம். மற்ற நான்கின் முதல் பகுதிகளும் பெரும்பாலும் தூண்மேல் போகும் பாதை. அவை நான்கு முதல் ஆறு ஆண்டில் முடிந்தன. சென்னைக்குள்ளேயே முதல் சுரங்கப் பகுதி திறக்க 2017 மே ஆயிற்று. முதற்கட்டத்தின் 45 கிலோமீட்டரும் முடிய 2019 பிப்ரவரி. மெட்ரோவை மெட்ரோவோடு ஒப்பிட்டால் விடை கலங்குகிறது. பாலத்தைப் பாலத்தோடும் சுரங்கத்தைச் சுரங்கத்தோடும் ஒப்பிட்டால் தெளிகிறது.

இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டரில், கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி பைபாஸ் வழித்தடம் 26.1 கிலோமீட்டர். அதன் மேற்குப் பகுதி திருவேற்காட்டுக்காரர் பேருந்து ஏறும் குமணன்சாவடி, கரையான்சாவடி வழியாகத் தூண்மேல் வருகிறது. இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2020 நவம்பர் 21. மேலே உள்ள வரிசையை அன்று கையில் வைத்திருந்த ஒருவர், பூந்தமல்லிப் பக்கம் ரயில் வரும் காலம் 2024-இன் முடிவுக்கும் 2026-இன் முடிவுக்கும் இடையே என்று சொல்லியிருப்பார். பூந்தமல்லி – முல்லைத்தோட்டம் இடையே சோதனை ஓட்டம் 2025 மார்ச்சில் நடந்தது. இந்த வரிசைக்குத் தேவைப்பட்டது ஐந்து நகரங்களின் தேதிகள் மட்டும்.

இதைப் பெரிய அளவில் செய்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃபிளைவ்பியர். 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2002-இல் அவரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட முடிவு: பத்தில் ஒன்பது திட்டங்களில் செலவு குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது, ரயில் திட்டங்களின் உண்மைச் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 44.7 சதவீதம் கூடுதல். தற்செயலான பிழை என்றால் பாதி கூடியும் பாதி குறைந்தும் இருக்க வேண்டும். பெரும்பாலானவை ஒரே பக்கம் சாய்ந்தால் தராசில்தான் கோளாறு. ஒத்த திட்டங்களின் முழுத் தொகுப்பையும் எடுத்து, அவற்றின் மிகைச்செலவு வரலாற்றைப் புதிய மதிப்பீட்டில் முன்கூட்டியே சேர்க்கும் முறையைப் பிரிட்டன் 2004-இல் ஏற்றது. அதன் தொடக்கப் பயன்பாடுகளில் ஒன்று எடின்பரோ டிராம். அந்த டிராமே மூன்று ஆண்டு தாமதமாக 2014-இல், 77.6 கோடி பவுண்டுச் செலவில், திட்டமிட்டதைவிடக் குறுகிய பாதையோடு ஓடியது. ஒப்புமை எண்ணைத் திருத்தும். ஒப்பந்தச் சண்டையையும் நிர்வாகத்தையும் அது திருத்தாது.

பலகையில் இன்னொரு வரி

ஒப்பிட்டுக் கணிப்பதற்கு வேண்டியவை அதிகமில்லை. ஒன்றுக்கு மூன்றாகவேனும் ஒத்த வேலைகளை எடுக்க வேண்டும். எந்தக் கூறில் ஒத்தது, எந்தக் கூறில் விலகியது என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். ஒரே எண்ணுக்குப் பதிலாகக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் சொல்ல வேண்டும். கைவிடப்பட்டவற்றையும் எண்ண வேண்டும். ஃபாக்ஸின் 40 சதவீதத்தைப் போல, கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கும் வீடுகளும் நம் தெருவின் வரலாறுதான். "இதே மாதிரி வீடு" என்று யாரும் அவற்றைக் காட்டுவதில்லை. அதனாலேயே நம் ஒப்பீடுகள் நல்லபடியாக முடிந்த வீடுகளின் பக்கம் சாய்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே தேவை: முடிந்த வேலையின் உண்மைக் கணக்கு. நம்மிடம் மதிப்பீட்டுப் படிவங்கள் ஏராளம். முடிந்தபின் எழுதும் பழக்கம்தான் குறைவு. வேலை முடிந்தால் கணக்கை மூடுகிறோம். மென்பொருள் குழு கலைகிறது. மேஸ்திரியின் நினைவு அவரோடு போகிறது. எம் புக்கில் ஏறிய அளவுகள் பில் போட உதவுகின்றன. அடுத்த மதிப்பீட்டை எழுதுபவர் கைக்கு அவை அபூர்வமாகத்தான் வருகின்றன. தாமதத்தைப் பதிவு செய்தால் தண்டனை வருமென்ற அச்சம் இருக்கும்வரை உண்மை பதிவாகாது. உண்மை பதிவாகாதவரை அடுத்த மதிப்பீடும் விருப்பமாகவே இருக்கும். பதிவு பழியிலிருந்து விடுபட வேண்டும். இந்தக் கட்டுரையின் வேண்டுகோள் இதுதான்.

நகராட்சி சாலை போட்டாலும் மழைநீர்க் கால்வாய் கட்டினாலும் தெருமுனையில் ஒரு பலகை வைக்கிறார்கள்: பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, காலம். பணி முடிந்ததும் பலகை போய்விடுகிறது. அதை எடுக்காமல், கீழே இன்னொரு வரி சேர்க்கலாம்: உண்மையில் ஆன செலவு, உண்மையில் ஆன நாள், வேற்றுமைக்கான காரணம். அந்த வரியை எழுத ஒரு டப்பா பெயின்ட் போதும். அடுத்த தெருவுக்குக் கால்வாய் மதிப்பிட வரும் இளம் பொறியாளர், அந்த மேஸ்திரியைப் போல, டேப்பைப் பிரிப்பதற்கு முன் அதைப் படிப்பார்.